உப்புக்காற்றும் பழைய காரின் பவர் விண்டோவும்: ஏமாறாமலும் ஆபத்தில்லாமலும் சரிசெய்வது எப்படி?

பழைய காரின் பவர் விண்டோ பாதியில் நின்றால், "மோட்டார் போயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிடுவார்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள கடலோரத்தில் அதை உடனே நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். இங்கே முதலில் பார்க்க வேண்டியது சுவிட்சையும் ஒயரிங்கையும்தான்.

காரணம் உப்புக்காற்று. 1914 முதல் இயங்கிய பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு முற்றி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் அரிப்பைத் தாங்கும் தனிப் பூச்சும் தேவைப்பட்டன. கார் கதவுக்குள் இருக்கும் மெல்லிய செம்பு முனைகளுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை.

பழுது எங்கே ஒளிந்திருக்கிறது?

1990களில் வந்த எஸ்டீம், சியலோ போன்ற கார்களை இன்றும் ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. பழைய கார்கள் பலவற்றில் சுவிட்சை அழுத்தாதபோது மோட்டாரின் இரண்டு ஒயரும் எர்த்தில் இருக்கும். அழுத்தும்போது ஒரு ஒயருக்கு 12 வோல்ட் போகும். எதிர்ப்பக்கம் அழுத்தினால் மற்ற ஒயருக்குப் போகும். மோட்டார் மேலும் கீழும் ஓடுவது இப்படித்தான்.

மற்றக் கதவுகளின் எர்த் பெரும்பாலும் டிரைவர் பக்க சுவிட்ச் வழியாகவே போகிறது. அங்கே பச்சைக் களிம்பு பிடித்தால், பழுதே இல்லாத பின்கதவின் கண்ணாடியும் நிற்கும். கதவு திறந்து மூடும் இடத்து ரப்பர் குழாய்க்குள் ஒயர் மடங்கி மடங்கி அறுந்துபோவதும் சகஜம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சுவிட்சை அழுத்தியபடியே மோட்டாரின் கப்ளரில் அளக்க வேண்டும். 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டியும் மோட்டார் அசையாவிட்டால், மோட்டாரிலோ கண்ணாடியைத் தூக்கும் அமைப்பிலோ பழுது. வோல்ட் வராவிட்டாலோ குறைந்து வந்தாலோ ஃபியூஸ், சுவிட்ச், ஒயர், எர்த் ஆகியவற்றில்தான் கோளாறு.

உயிருக்கே ஆபத்தான குறுக்குவழிகள்

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஆம்பியர் ஃபியூஸோ செம்புக் கம்பியோ போட விடாதீர்கள். ஃபியூஸ் உருகுவதற்கு முன்பே ஒயர் உருகித் தீப்பிடிக்கும்.

சாவியை எடுத்த பிறகும் கண்ணாடி ஓடும்படி நேரடி இணைப்புக் கொடுப்பதும் கூடாது. குழந்தை ஜன்னலில் தலையை நீட்டி, முழங்காலால் சுவிட்சை அழுத்திவிட்டால் கண்ணாடி கழுத்தை நெரிக்கும். இதற்காகவே, மேலே இழுத்தால் மட்டும் கண்ணாடி ஏறும் சுவிட்சை அமெரிக்கா புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது. பழைய கார்களில் இருப்பதோ பெரும்பாலும் அழுத்தும் சுவிட்ச்.

முறையான வேலை

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். சுவிட்சைப் பிரித்து, கான்டாக்ட் கிளீனரால் களிம்பை நீக்கலாம். முனை கருகியிருந்தால் சுவிட்சையே மாற்றுவது நல்லது. புது ஒயர் பழையதன் தடிமனுக்குக் குறையக் கூடாது. இணைப்பை வெறும் இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டால் ஈரமும் உப்பும் ஏறும். ஈயம் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும். எர்த் போல்ட்டையும் சுரண்டி இறுக்க வேண்டும். முடிந்ததும் பேட்டரியை மீண்டும் இணைத்து, எல்லா சுவிட்சும் சரியான திசையில் வேலை செய்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

உங்கள் உரிமை

வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். பாகம், கூலி தனித்தனியாகக் குறித்த பில்லை வாங்குங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். அரைகுறை வேலை, சேவைக் குறைபாடு.

முதலில் வேலை செய்த கடைக்கே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்து ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

மோட்டாரை மாற்றச் சொன்னால், "மீட்டரை வைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நேர்மையான எலக்ட்ரீஷியன் தயங்காமல் காட்டுவார்.