மெய்விவாகம்: கிறிஸ்தவ மணவுறவின் நிலைபேறு

திண்டுக்கல் சமவெளியில், எரியோடு முதலிய ஊர்களில் நம் சமுதாயத்தவரும் கிறிஸ்தவ மக்களும் ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றவர் சென்றுவருவது இயல்பு. எனினும் "அவர்களுக்குத் தலாக்கே கிடையாதாமே" என்பதற்கு மேல் அவர்களுடைய மணக்கோட்பாட்டை நம்மில் பலர் அறிந்ததில்லை. அக்கூற்றில் பாதியே உண்மை.

பழைய கத்தோலிக்க ஞானோபதேச நூல்கள் திருமணத்தை 'மெய்விவாகம்' என்று அழைத்தன. ஏழு தேவதிரவிய அனுமானங்களுள் அது ஒன்று. இக்காலத்தில் அருட்சாதனம் என்கின்றனர். நம்மிடத்தில் நிக்காஹ் ஓர் அக்து. ஈஜாபும் கபூலும் அதன் உயிர். அவர்களிடத்தும் மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. குருவானவர் திருச்சபையின் சார்பில் அதைக் கேட்டுப் பெறுபவரே. வேறுபாடு அதன்பின் தொடங்குகிறது. திருமுழுக்குப் பெற்ற இருவர் முறைப்படி மணந்து இல்லறத்தில் கூடிவிட்டால், மரணத்தைத் தவிர எந்த மனித அதிகாரமும், போப்பாண்டவரே ஆயினும், அப்பிணைப்பை அவிழ்க்க இயலாது என்பது திருச்சபைச் சட்டம்.

ஈஸா (அலை) அவர்களிடம் பரிசேயர் மணவிலக்கு குறித்து வினவியதாகச் சுவிசேஷங்கள் கூறும் பகுதியே இதற்கு அடிப்படை. மாற்குவில் தடை விதிவிலக்கின்றி உள்ளது. மத்தேயுவிலோ ஒழுக்கக்கேட்டைச் சுட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. புராட்டஸ்டண்டு சபைகள் பலவும் அதைக் கொண்டு மணவிலக்கையும் மறுமணத்தையும் ஏற்றன, கத்தோலிக்கர் ஏற்கவில்லை. திருமணத்தை அருட்சாதனங்களுள் ஒன்றாக லூத்தர் எண்ணவுமில்லை.

மறைவாகச் சம்மதம் கூறிவிட்டுப் பின்னர் மறுப்போரால் விளைந்த குழப்பத்தைத் தடுக்க, குருவும் இரு சாட்சிகளும் இல்லாத மணம் செல்லாது என 1563இல் திரெந்து பொதுச்சங்கம் விதித்தது. நம் ஊர்க் கோவில்களில் மூன்று வாரம் ஓலை வாசிப்பதும் இரகசிய மணத்திற்கு எதிரான ஏற்பாடே.

கத்தோலிக்கரிடம் மணவிலக்கு இல்லை. ஆனால் மணம் தொடக்கத்திலேயே செல்லாதது என்னும் தீர்ப்பு உண்டு. ஃபிக்ஹு பயின்றோர்க்கு இது எளிதில் விளங்கும்: ஃபஸ்கு வேறு, பாத்தில் வேறு. வற்புறுத்தல், வஞ்சனை, மனநலக் குறைவு ஆகியவற்றால் சம்மதம் பழுதுற்றிருந்தால் மறைமாவட்ட நீதிமன்றம் அவ்வாறு தீர்ப்பளிக்கும். கட்டாயத்தின்பேரில் கூறிய கபூலும் செல்லும் என்பது ஹனஃபி நூல்களின் பிரபலமான கருத்து. இவ்விடத்தில் அவர்களுடைய சட்டமே கடுமை குறைந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இடர்ப்பாடு நாட்டின் சட்டத்தோடு சேரும்போது வருகிறது. 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தின்படி கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். மனைவியோ அத்துடன் கொடுமை அல்லது கைவிடுதல் போன்ற வேறொரு குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2001இல்தான் அது திருத்தப்பட்டு, இருவர் சம்மதத்தால் பிரியும் வழியும் சேர்க்கப்பட்டது. திருச்சபை நீதிமன்றத் தீர்ப்பு நாட்டுச் சட்டத்தில் செல்லாது என 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2017இலும் அந்நிலை மாறவில்லை. ஆகவே கைவிடப்பட்ட கத்தோலிக்கப் பெண் இரண்டு வாசல்களிலும் நிற்க வேண்டியவள். அரசு நீதிமன்றம் விடுவித்தாலும் ஆலயத்தில் அவள் மனைவியே. மறுமணம் செய்துகொண்டால் பொதுவாக நற்கருணை பெற இயலாது. 2015இல் போப் பிரான்சிஸ் வழக்குமுறையை எளிதாக்கினார், கோட்பாடு மாறவில்லை.

திருமறையின் 4:129ஆம் வசனம் இத்தகையவளை 'முஅல்லகா', தொங்கவிடப்பட்டவள், என்கிறது. அச்சொல் முதலில் நம் ஆடவரை நோக்கியது என்பதை நினைவிற்கொள்ளல் தகும். காணாமற்போன கணவனின் சமவயதினர் மறையும்வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது பழைய ஹனஃபி தீர்ப்பு. விடுதலைக்காக மார்க்கத்தையே துறக்கப் பெண்கள் துணிந்த நிலையில், மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் 'அல்ஹீலத்துன் நாஜிஸா' என்னும் நூலில் மாலிக்கி தீர்ப்புகளை எடுத்தாண்டார்கள். அதன் தாக்கத்தில் எழுந்த 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கு ஆண்டுகள் கணவனைப் பற்றிய தகவல் இல்லையெனில் பெண் நீதிமன்றத்தை நாடலாம். கத்தோலிக்கச் சட்டத்திலோ எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் காலம் மட்டும் சான்றாகாது. கணவன் இறந்துவிட்டான் என்று ஆயர் விசாரித்துத் துணிந்த பின்னரே அவள் மறுமணம் செய்யலாம்.