காது கேளாத மகளிரும் ஊராட்சியின் கடமையும்

மீஞ்சூர் வட்டாரத்தில் ஏர் பிடிப்போரும் ஆலைக்குச் செல்வோரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். பெரியவர்கள் வேலைக்குச் சென்றபின் தனித்திருக்கும் பெண் காது கேளாதவளாயின், தனக்கு நேர்ந்ததைப் பிறருக்கு உணர்த்தல் அரிது. குற்றம் புரிவோன் நம்புவது இதனையே. சென்னை அயனாவரத்தில் 2018இல் வெளிப்பட்ட கொடுமையில் துன்புற்றவள் செவித்திறன் குறைந்த சிறுமி. அவ்வழக்கில் 2020 பிப்ரவரியில் 15 பேர் தண்டிக்கப்பெற்றனர்.

"ஊமையின் சாட்சி செல்லாது" என்பது தவறு. நீதிமன்றத்தில் சைகையாலோ எழுத்தாலோ கூறுவதும் வாய்மொழிச் சாட்சியமே. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, பாலியல் குற்றத்துக்கு ஆளான மாற்றுத்திறனாளிப் பெண்ணின் புகாரைக் காவல் அதிகாரி அவள் வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். மொழிபெயர்ப்பாளரோ சிறப்பாசிரியரோ உடனிருத்தல் வேண்டும். அதனை வீடியோவிலும் பதிதல் வேண்டும்.

ஊராட்சி செய்யத்தக்கவை சில:

1. உறவினரையே மொழிபெயர்க்க விடலாகாது. குற்றவாளி அவர்களுள் ஒருவனாயிருத்தல் கூடும். சைகை அறிந்தவரை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியே கோருக.

2. 181 என்னும் மகளிர் உதவி எண்ணில் அவளால் பேச இயலாது. அண்டை வீட்டார் அவளுக்காகப் பேசுக.

3. உடுத்திய துணியைத் துவைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் சிகிச்சை இலவசமே.

4. மாற்றுத்திறனாளி துன்புறுத்தப்படுவதாக அறிந்த எவரும், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிர்வாக நடுவரான வட்டாட்சியரிடம் தெரிவிக்கலாம்.

5. அவள் பெயரை வெளியிடலாகாது. ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தலும் ஆகாது.

தம் ஊரிலுள்ள காது கேளாத மகளிர் யாவர், அவர்தம் சைகை அறிந்தோர் யாவர் என்பதை உறுப்பினர்கள் இன்றே அறிந்து வைத்தல் நன்று. துன்பம் நேர்ந்தபின் தேடுதல் காலங்கடந்த செயலாகும்.