சிவகாசியின் பெயரால் ஒரு சூறையாடல்



தரமணியிலே கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. 2000ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்ட பிறகு அந்த வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. உள்ளே கணிப்பொறி முன் அமர்ந்திருப்போர் ஆயிரமாயிரம்! வாயிலிலே காவல் நிற்போர், தரை துடைப்போர், தேநீர் சுமப்போர், அவர்களும் ஆயிரமாயிரம்! ஊதியத்திலே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. ஆனால் இருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது கைப்பேசி. அதன் வழியே நுழையும் வஞ்சகன், மாளிகைக்காரன் குடிசைக்காரன் என்று பேதம் பார்ப்பதில்லை. அப்படியொரு சமதர்மத் திருடன்!

போனஸ் கைக்கு வருகிறது. மோப்பம் பிடித்துப் பின்னாலேயே வருகிறது விளம்பரம். "சிவகாசிப் பட்டாசு! ஆலை விலை! 80 விழுக்காடு தள்ளுபடி! இன்றே கடைசி!" (தீபாவளி கொண்டாடலாமா, கூடாதா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை, அதை மேடையிலே பேசிக்கொள்வோம். பொங்கல் தள்ளுபடிக்கும் இதே வலையைத்தான் விரிக்கிறார்கள்.)

இன்ஸ்டாகிராமிலோ யூடியூபிலோ படம் காட்டுவான். எண்ணை அழைத்தால் தேனொழுகப் பேசுவான். வாட்ஸ்அப்பிலே விலைப்பட்டியல் வரும். அசலைப் போலவே ஓர் இணையதளமும் இருக்கும். பணத்தை அனுப்பியதும், சில வேளை, "லாரி வாடகை மட்டும் பாக்கி" என்று இன்னொரு கறவை! அதற்குப் பிறகு? எண் அணைந்திருக்கும். பட்டாசும் இல்லை, பணமும் இல்லை.

2024 தீபாவளிக்கு முன்பே தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவு இதைச் சொல்லி எச்சரித்தது. செப்டம்பர், அக்டோபர் திங்களில் 17 புகார்கள் பதிவாகியிருந்தன. பதினேழுதானா என்று இளக்காரமாக எண்ணாதீர்! இரண்டாயிரத்தைப் பறிகொடுத்தவன் வீட்டுக்காரியிடம் சொல்லவே கூசுகிறான். காவல் நிலையப் படியா ஏறப்போகிறான்?

வேட்டியோ சட்டையோ விற்கிறவன் என்றால், நல்லவனா கள்ளனா என்று ஆராய வேண்டும். பட்டாசுக்கு அந்தத் தொல்லையே இல்லை. 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்புரைத்தது: பிளிப்கார்ட், அமேசான் உட்பட எந்த மின்வணிகத் தளமும் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கக்கூடாது, விற்கவும் கூடாது! ஆகவே, "இணையத்திலே பணம் கட்டு, பெட்டி வீடு தேடி வரும்" என்கிறவன் முதல் வாக்கியத்திலேயே அகப்பட்டுவிடுகிறான்.

எண்பது விழுக்காடு என்றதும் ஐயம் வரவேண்டாமா என்று கேட்பீர்கள். வருவதில்லை! காரணம் உண்டு. பட்டியலிலே 500 என்று அச்சடித்து, 100க்கு விற்று, "எண்பது விழுக்காடு தள்ளுபடி" என்று தம்பட்டமடிப்பது மெய்யான வணிகர் பலருக்கும் பழகிப்போன வழக்கம். அவர்கள் வெட்டிய குழியிலேதான் இவன் வலை விரிக்கிறான். சிவகாசி வணிகர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். 1922இலே அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அந்த வறண்ட மண்ணிலே ஒரு தொழிலை வளர்த்தார்கள். கந்தகத்திலே கை வெந்து உழைத்த தொழிலாளர் தேடித்தந்த நற்பெயரை, எங்கோ உட்கார்ந்து ஒருவன் படம் போட்டுக் களவாடுகிறான்!

பட்டாசு வேண்டுமா? உரிமம் பெற்ற கடைக்குப் போங்கள். கூட்டுறவுப் பண்டகசாலைகளும் விற்பதுண்டு. பொருளைப் பார்த்துப் பணம் கொடுங்கள். மற்றப் பொருள்களை இணையத்தில் வாங்குவோர், வந்த இணைப்பைத் தொடாமல் தளத்தின் பெயரைத் தாமே தட்டெழுதித் திறக்கட்டும்; ஓர் எழுத்தை மாற்றிப் போலித்தளம் நடத்துவோர் உண்டு. "பணத்தைத் திருப்பித் தருகிறோம், ரகசிய எண்ணைப் போடு" என்றால் உடனே பேச்சை முறித்துவிடுங்கள். யுபிஐயிலே பணம் கொடுக்கத்தான் அந்த எண். பெறுவதற்குத் தேவையே இல்லை.

ஏமாந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திராதீர். 1930 என்ற எண்ணை அப்போதே அழையுங்கள். போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது வெளியே எடுக்கப்படுமுன் வங்கியிலே முடக்க முடிந்தால்தான் மீளும். பரிவர்த்தனை எண்ணையும், அவனோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர். புகாருக்கு அவைதான் சான்று. புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. "இழந்ததை மீட்டுத் தருகிறேன், முன்பணம் அனுப்பு" என்று பின்னால் ஒருவன் அழைத்தால், அவனும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவன்தான்.