தென்கிழக்கு பார்த்த ஆன்டெனாக்கள்

1980களில் தூத்துக்குடி, இராமநாதபுரம் கடலோர ஊர்களின் மொட்டை மாடிகளில் நின்ற ஆன்டெனாக்கள் பல சென்னைப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. கடலைப் பார்த்து, தென்கிழக்கே திரும்பி நின்றன. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியிருந்தாலும், தூத்துக்குடிக்கு அது ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. 1982 பிப்ரவரி 15-இல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி வந்தது. அதன் கோபுரம் அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில் ஏறி நின்றது. ‘சிலோன் டிவி’ பார்க்கும் ஆசையில் இங்கே வீட்டுக்கு வீடு இரும்புப் பைப்பு ஏறியது.

கணக்குப்படி அந்தப் படம் இங்கே வந்திருக்கக் கூடாது. அவ்வளவு உயரமான மலையிலிருந்து புறப்பட்டாலும், பூமியின் வளைவைத் தாண்டாமல் அலை நேராக எட்டும் தொலைவு சுமார் 200 கிலோமீட்டர்தான். தூத்துக்குடியோ ஏறத்தாழ 350 கிலோமீட்டரில் இருக்கிறது. மிச்சத் தொலைவைக் கடக்க வைத்தது மன்னார் வளைகுடா. கடல்மட்டத்தை ஒட்டி ஈரக்காற்றும் அதன்மேல் வெப்பமான உலர்காற்றும் அடுக்காகப் படியும்போது, மேலே போக வேண்டிய அலை கீழ்நோக்கி வளைந்து, கடலைத் தழுவியபடியே வெகுதூரம் போகிறது. ஒருநாள் கிரிக்கெட் பந்து துல்லியமாகத் தெரிந்ததும், மறுநாள் திரை முழுக்கப் புள்ளி அடித்ததும் இதனால்தான். ஆன்டெனா அதே இடத்தில்தான் இருந்தது, காற்றுதான் மாறியது.

இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. படம் பளிச்சென்று வரும் இரவில் ஆன்டெனாவைத் திருப்பிச் சரிசெய்யக் கூடாது. அன்றைக்கு எந்தப் பக்கம் வைத்தாலும் படம் வரும். புள்ளி அடிக்கும் நாளில், மாடியில் ஒருவரும் டிவி முன்னால் ஒருவருமாக நின்று, “இப்ப தெரியுதா?” “இன்னும் கொஞ்சம் கெழக்க!” என்று குரல் கொடுத்தபடி விரற்கடை விரற்கடையாகத் திருப்பிக் கண்டுபிடிக்கும் திசைதான் சரியான திசை.

அந்த ஆன்டெனாவை உருவாக்கியவர்கள் ஜப்பானியர்கள். சென்டாய் நகரில் ஷிந்தாரோ உதாவும் ஹிதெத்சுகு யாகியும் 1926-இல் அதை வெளியிட்டார்கள். ரூபவாஹினி நிலையம் எழுந்ததும் ஜப்பானிய அரசின் உதவியோடுதான். இந்த ஆன்டெனாவில், கம்பி இணைந்திருக்கும் மடித்த குழாய்தான் அலையை வாங்குகிறது. அதன் பின்னால் சற்றே நீளமாக ஒரு குழாய், முன்னால் நீளம் குறைந்த சில குழாய்கள். இவற்றுக்குக் கம்பி கிடையாது. பின்னால் இருப்பது பிற திசைகளின் அலையைத் தடுக்க, முன்னால் இருப்பவை குறித்த திசையின் அலையைக் கூட்டித் தருகின்றன. குழாயின் நீளம் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி. அதனால் சேனல் எண் குறையக் குறையக் குழாய் நீளமாகும். ஒரு சேனலுக்கென்று வெட்டிய ஆன்டெனாவில் இன்னொரு சேனல் மங்கலாக வந்தால், திருப்பித் திருப்பிப் பார்ப்பது வீண்.

பூஸ்டர் விஷயத்தில்தான் மக்கள் நிறையப் பணத்தை இழந்தார்கள் என்பது என் எண்ணம். பூஸ்டர் படத்தோடு புள்ளியையும் சேர்த்தே பெருக்கும். ஆன்டெனா பிடிக்காத அலையை அது உண்டாக்காது. சாதாரண கேபிளில் முப்பது மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய பாதி சக்தி கரைந்துவிடுகிறது. ஆகவே பூஸ்டரை மாடியில், ஆன்டெனாவுக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். டிவி மேசையில் வைத்தால் கரைந்தது போக மீந்ததைத்தான் அது பெருக்கும். பூஸ்டர் வாங்கும் காசில் பைப்பை ஒரு ஆள் உயரம் கூட்டி, பக்கத்துக் கட்டடத்தையும் தென்னையையும் தாண்ட வைத்திருந்தால் பல வீடுகளில் அதுவே போதுமாக இருந்திருக்கும்.

கடலோரத்தில் இன்னொரு பகை உப்புக்காற்று. அலுமினியக் குழாயும் செம்புக் கம்பியும் சேரும் முனையில் பச்சைப்பொடி பூத்துவிட்டால், எந்தத் திசையில் திருப்பியும் பயனில்லை. திருகைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து, மழைநீர் கேபிளுக்குள் இறங்காதபடி கம்பியைக் கீழே தொங்கவிட்டு மேலேற்ற வேண்டும்.

படத்துக்கு வலப்பக்கம் நிழல் விழுவது வேறு கதை. அது ஏதாவது ஒரு கட்டடத்திலோ தொட்டியிலோ மோதிச் சுற்றி வந்த அதே அலை. 20 அங்குலத் திரையில் நிழல் ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால், அந்த அலை கிட்டத்தட்ட 400 மீட்டர் கூடுதலாகப் பயணித்திருக்கிறது என்று பொருள். எங்கே மோதுகிறது என்பதை இதை வைத்தே ஊகிக்கலாம். ஆன்டெனாவைச் சற்றே விலக்கி, படம் கொஞ்சம் மங்கினாலும் நிழல் மறையும் இடத்தில் நிறுத்துவதுதான் கண்ணுக்கு நல்லது.

பின்னாளில் கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தபோது, ஒரே பைப்பில் இரண்டு ஆன்டெனாக்கள் ஏறின. ஒன்று தென்கிழக்கே, ஒன்று வடமேற்கே. இரண்டின் கம்பியையும் முறுக்கி ஒன்றாக இறக்கிய வீடுகளில் இரண்டு நிலையமும் கெட்டன, ஏனென்றால் ஒவ்வோர் ஆன்டெனாவும் மற்றதன் அலையையும் கொஞ்சம் பிடித்துக் கலந்துவிடுகிறது. தனித்தனிக் கேபிள் இறக்கி, டிவிக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் வைத்து மாற்றிய வீடுகளில் தூர்தர்ஷனும் சிலோனும் தெளிவாகத் தெரிந்தன.