கார்க் கண்ணாடியும் ஒளி ஒவ்வாத உடலும்

கோடை தொடங்கியதும் எங்கள் தோல் நோய்ப் பிரிவிலும் மூட்டு நோய்ப் பிரிவிலும் ஒரே வேண்டுகோள் திரும்பத் திரும்ப வருகிறது. லூபஸ் நோய்க்கு மருந்து உண்பவர்கள், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், வெண்புள்ளிக்கு ஒளி சிகிச்சை பெறுபவர்கள், அவர்களைக் காரில் அழைத்து வரும் பிள்ளைகள் எனப் பலரும் கேட்கின்றனர்: "வண்டிக் கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்ள ஒரு கடிதம் எழுதித் தாருங்கள், டாக்டர்." அக்கடிதத்தை நாங்கள் தருவதில்லை. மறுத்து அனுப்பிவிட்டால் மட்டும் போதாது என்பதையும் அறிவோம். கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. ஆகவே காரணத்தையும் மாற்று வழியையும் இவ்விதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

சூரியனிடமிருந்து நிலத்தை வந்தடையும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. காருக்குள் நாம் உணரும் வெக்கையில் பெரும்பங்கு இதனுடையது. தோலுக்கு ஊறு செய்யும் புற ஊதாக் கதிர்களோ மொத்த ஆற்றலில் சில விழுக்காடு மட்டுமே. அவற்றிலும் இரு வகை உண்டு. 280 முதல் 320 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட 'பி' வகை, வெயிலில் நின்றால் தோலைச் சிவக்க வைப்பது. சாதாரணக் கண்ணாடியே அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். (மூடிய காரின் சன்னலோரம் அமர்ந்தால் வைட்டமின் டி கிடைக்கும் என்று நம்புவோர் அந்த நம்பிக்கையைக் கைவிடலாம். அச்சத்தை உண்டாக்கத் தேவையான கதிர் கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.) 320 முதல் 400 வரையிலான 'ஏ' வகை அப்படியன்று. அது கண்ணாடியைக் கடந்து வரும்; தோலின் ஆழத்துக்குச் செல்லும்; சுடாது, எளிதில் சிவக்க வைக்காது. அதனாலேயே அது பட்டுக்கொண்டிருப்பது நமக்குத் தெரிவதில்லை.

எல்லாக் கார்க் கண்ணாடியும் ஒன்றல்ல. முகப்புக் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு நெகிழிப் படலத்தை வைத்து ஒட்டியது. விபத்தில் சிதறாமல் இருப்பதற்காக வைக்கப்பட்ட அப்படலம் 'ஏ' வகைக் கதிர்களையும் பெருமளவு விழுங்கிவிடுகிறது. பக்கக் கண்ணாடிகளோ பெரும்பாலான வண்டிகளில் பதப்படுத்திய ஒற்றைத் தகடுகளே. 2016இல் அமெரிக்கக் கண் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு, 15 நிறுவனங்களின் 29 கார்களை அளந்து பார்த்தது. முகப்புக் கண்ணாடிகள் சராசரியாக 96 விழுக்காடு 'ஏ' வகைக் கதிர்களைத் தடுத்தன. ஓட்டுநர் பக்கத்துச் சன்னலில் சராசரி 71 விழுக்காடு. வண்டிக்கு வண்டி அது 44 முதல் 96 வரை வேறுபட்டது. விலை உயர்ந்த வண்டி என்பதாலோ புதிய வண்டி என்பதாலோ பக்கக் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கும் என்று கொள்வதற்கில்லை. 2012இல் ஒரு மருத்துவ இதழ், 28 ஆண்டுகள் சரக்கு வாகனம் ஓட்டிய 69 வயது அமெரிக்கரின் முகப்படத்தை வெளியிட்டது. சன்னலை ஒட்டிய இடப்பக்கக் கன்னம் மட்டும் தடித்து, ஆழ்ந்த சுருக்கங்களுடன் இருந்தது. மறுபக்கம் பல ஆண்டுகள் இளமையாகத் தோன்றியது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்பவர். இங்கே அத்தகைய கன்னம் வலக் கன்னமாக இருக்கும்.

உடல்நலம் உள்ளவருக்கு இது மெதுவாகச் சேரும் சுருக்கம். எங்கள் நோயாளிகள் சிலருக்கு அது அவ்வளவோடு முடிவதில்லை. லூபஸ் உள்ளவர்களில் பலருக்குப் புற ஊதாக் கதிர் பட்டால் கன்னத்தில் தடிப்பு எழும். சிலருக்கு மூட்டு வலியும் சோர்வும் சேர்ந்து நோயே கிளர்ந்தெழும். உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் அசாதயோபிரின் உண்பவர்களின் தோல் 'ஏ' வகைக் கதிர்களுக்கு மிகுதியாக ஆட்படுகிறது. நெடுங்காலத்தில் தோல் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. டாக்சிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதயசைடு, அமியோடரோன், வோரிகோனசோல் முதலிய மருந்துகளும் தோலை ஒளிக்கு இளக்கிவிடக் கூடியவை. இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே முறை.

தனியாகச் சொல்ல வேண்டியவர்கள், சோராலன் மாத்திரை உண்டு 'பியூவா' என்னும் சிகிச்சை பெறுபவர்கள். வெண்புள்ளிக்கும் சோரியாசிசுக்கும் அளிக்கப்படும் இச்சிகிச்சையில், மாத்திரை தோலை 'ஏ' வகைக் கதிருக்கு வேண்டுமென்றே கூர்மைப்படுத்துகிறது. கருவியின் கீழ் நிற்கும் சில நிமிடங்களை நாங்கள் அளந்து தருகிறோம். ஆனால் மாத்திரையின் விளைவு சிகிச்சை அறையை விட்டு வெளியே வந்ததும் தீர்ந்துவிடுவதில்லை. அன்று முழுவதும் நீடிக்கிறது. சிகிச்சை முடிந்து மூன்று மணி நேரம் காரில் ஊர் திரும்பும் ஒருவர், ஏற்றிய கண்ணாடிக்குப் பின்னால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு, நாங்கள் அளக்காத இரண்டாவது சிகிச்சையைத் தோலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். முழங்கையிலும் கழுத்திலும் கொப்புளம் எழுவது மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ. அதனால் பயணத்தோடு அதைத் தொடர்புபடுத்துவோர் குறைவு. கண்ணுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியை மாத்திரை உண்ட நேரத்திலிருந்து 24 மணி நேரம், பகல் வெளிச்சம் உள்ள வரையில், காருக்குள்ளும் அணிந்திருக்க வேண்டும். மாத்திரையின்றி 311 நானோமீட்டர் கதிரில் மட்டும் சிகிச்சை பெறுபவர்களுக்கு இக்கவலை இல்லை. தாம் பெறுவது எது என்று தெரியாதவர்கள் செவிலியரிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கருப்பு ஃபிலிமுக்கு வருவோம். இருட்டும் பாதுகாப்பும் ஒன்றே என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குடையும் நிழலும் பழக்கிய எண்ணம் அது. ஆனால் ஃபிலிமின் கருமை, கண்ணுக்குப் புலப்படும் ஒளியைக் குறைக்கும் அளவை மட்டுமே காட்டுகிறது. புற ஊதாக் கதிரைத் தடுப்பது ஃபிலிமில் கலந்திருக்கும் வேறு ஒரு பொருள். அதற்கு நிறமே இல்லை. ஏறத்தாழ முற்றிலும் தெளிவான ஃபிலிம் ஒன்று 99 விழுக்காடு புற ஊதாக் கதிர்களைத் தடுக்க முடியும். வெறும் சாயம் ஏற்றிய மலிவான கருப்பு ஃபிலிம் அதைவிடக் குறைவாகத் தடுக்கலாம். சாயமும் சில கோடைகளில் ஊதா நிறமாக வெளுத்துப்போகும். அதைவிட மோசமானது, கருப்பு தரும் மனநிம்மதி. காருக்குள் ஏறியதும் துப்பட்டாவை எடுத்துவிடுகிறோம், முழுக்கைச் சட்டையை மடித்துவிடுகிறோம்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, முகப்புக் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் குறைந்தது 70 விழுக்காடு, பக்கக் கண்ணாடிகளில் குறைந்தது 50 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், வண்டிக்குள் நடப்பதை மறைத்துக் குற்றங்களுக்குத் துணை போகின்றன என்ற கருத்தில், கண்ணாடியின் மேல் எந்த அளவுக் கருப்பு ஃபிலிமும் வேறு எப்பொருளும் ஒட்டுவதைத் தடை செய்தது. பின்னர் அவ்விதியே திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் முதல், இந்தியத் தரநிலைக்கு உட்பட்ட நெகிழிப் படலம் சேர்த்த பாதுகாப்புக் கண்ணாடிக்கும் அதில் இடம் உண்டு. 70, 50 என்னும் எல்லைகள் மட்டும் மாறவில்லை. அவ்வெல்லைக்குள் உள்ள ஃபிலிமுக்காகத் தண்டம் விதிக்கக் கூடாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளி என்னும் காரணத்துக்காக விலக்கு அளிக்கும் பிரிவு 100ஆம் விதியில் இல்லை. நாங்கள் கடிதம் எழுதினாலும் அது சாலையில் செல்லாது. அதை நம்பிக் கருப்பு ஃபிலிம் ஒட்டியவர் வழியில் நிறுத்தப்பட்டு, அந்த இடத்திலேயே வெயிலில் நின்று அதை உரிக்க நேரிடலாம்.

இங்கே ஒரு கணக்கைப் பலர் தவறவிடுகின்றனர். கடையில் '70 விழுக்காடு' என்று விற்கப்படும் ஃபிலிமை ஒட்டினால் கண்ணாடியில் 70 விழுக்காடு ஒளி வரும் என்று பொருளன்று. கண்ணாடியே ஓரளவு ஒளியைக் குறைக்கிறது. இரண்டையும் பெருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த பக்கக் கண்ணாடி 75 விழுக்காடு விடுமானால், அதன்மேல் 70 விழுக்காட்டு ஃபிலிம் ஒட்டியதும் கிடைப்பது 52.5, விதிக்கு உட்பட்டது. கண்ணாடியே 70 விட்டால், அதே ஃபிலிமுடன் 49, விதியை மீறியது. எனவே ஒட்டுவதற்கு முன்பும் பின்பும் ஒளி அளக்கும் கருவியால் உங்கள் கண்ணாடியையே அளந்து காட்டச் சொல்லுங்கள். அக்கருவி இல்லாத கடையை விட்டு விலகுவது நல்லது. முகப்புக் கண்ணாடியைத் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அது ஏற்கெனவே கதிரைத் தடுக்கிறது. நிறமுள்ள ஃபிலிம் எதை ஒட்டினாலும் 70க்குக் கீழே போய்விடும் வாய்ப்பே மிகுதி.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: புற ஊதாக் கதிர்த் தடுப்பு 99 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கிறதே, அது எத்தனை நானோமீட்டர் வரை? 380 வரை என்றால் 380க்கும் 400க்கும் இடைப்பட்ட பகுதி திறந்தே கிடக்கிறது. ஒளி ஒவ்வாத நோயாளிக்கு 400 வரை தடுப்பதே வேண்டும். அடுத்தது வெப்பம். 'அகச்சிவப்பு 90 விழுக்காடு தடுப்பு' என்ற விளம்பரம் ஏதோ ஓர் அலைநீளத்தில் மட்டும் அளந்ததாக இருக்கலாம். 'மொத்தச் சூரிய ஆற்றல் தடுப்பு' என்ற எண்ணைக் கேளுங்கள். பார்க்கச் சிறியதாக இருந்தாலும் நம்பத் தகுந்தது அதுவே. தெளிவாகவும் இருந்து வெப்பத்தையும் குறைப்பவை பெரும்பாலும் செராமிக் வகை ஃபிலிம்கள்; விலை கூடுதல்தான். உலோகம் கலந்தவை கைபேசி அலைவரிசைக்கு இடையூறு செய்யக் கூடும். பணம் குறைவாக உள்ளவர் நான்கு சன்னல்களுக்கும் மலிவானதை ஒட்டுவதைவிட, நோயாளி வழக்கமாக அமரும் பக்கத்துச் சன்னலுக்கு மட்டும் நல்லதை ஒட்டலாம். தரநிலைச் சான்றையும் ரசீதையும் வண்டியிலேயே வைத்திருங்கள்.

வண்டியை ஓட்டுபவரே முதியவரானால் இன்னொரு கவலை சேர்கிறது. 60 வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதுக் கண்ணில் அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. கண்புரையோ கண்ணழுத்த நோயோ உள்ளவருக்கு மங்கலில் பொருள்களைப் பிரித்தறிவது மேலும் கடினம். பகலில் இதமாகத் தோன்றும் கண்ணாடி, இரவு மழையில் விளக்கில்லா மிதிவண்டிக்காரரை மறைத்துவிடும். கண்புரை அறுவைக்குப் பின் கூச்சம் தாளவில்லை என்போர் குளிர்க்கண்ணாடி அணிந்துகொள்ளட்டும். அதை மாலையில் கழற்றிவிடலாம். ஃபிலிமைக் கழற்ற முடியாது.

எரித்ரோபோயட்டிக் புரோட்டோபார்ஃபிரியா என்னும் அரிய நோய் உள்ளவர்களுக்கு மேற்சொன்ன தெளிவான ஃபிலிம் போதாது. அவர்களுக்கு ஊறு செய்வது 400க்குச் சற்று மேலே உள்ள, கண்ணுக்குப் புலப்படும் ஊதா ஒளி. அவர்கள் எங்களைத் தனியே சந்திக்க வேண்டும்.

ஃபிலிம் வாங்க இயலாதவர்களும், பேருந்திலும் வாடகைக் காரிலும் வருபவர்களுமே எங்கள் நோயாளிகளில் மிகுதி. அவர்களுக்கு உதவுவது இருக்கைத் தேர்வு. மதுரையிலிருந்து சென்னை நோக்கி வடக்கே வரும்போது காலை வெயில் வலப்பக்கம் விழும். எனவே இடப்பக்கம் அமருங்கள். மாலையில் வந்தால் வலப்பக்கம். திரும்பிச் செல்லும்போது இரண்டும் மாறும். நெருக்கமாக நெய்த முழுக்கை ஆடை, கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துண்டு, 'ஏ' வகைக் கதிரையும் தடுக்கும் களிம்பு ஆகியவை எந்த ஃபிலிம் ஒட்டியிருந்தாலும் வேண்டும்.

குழந்தையுடன் வருவோருக்கும் ஒரு சொல். எந்த ஃபிலிமும் நிறுத்திய காரைக் குளிர்ச்சியாக வைத்திருக்காது. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது என்றும், அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே உயர்ந்துவிட்டது என்றும் 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சன்னலைச் சிறிது இறக்கி வைத்ததும் பயன் தரவில்லை. மருந்தகத்தில் சீட்டு வாங்கி வரும் நேரத்துக்குக்கூட, தூங்கும் குழந்தையையோ தளர்ந்த முதியவரையோ வண்டியில் விட்டு வராதீர்கள். உள்ளே இருப்பவரைக் கருப்புக் கண்ணாடி வழிப்போக்கரிடமிருந்தும் மறைத்துவிடும்.

கடிதம் கேட்பவர்களுக்கு நாங்கள் தரக்கூடியது ஒன்று உண்டு. நோயின் பெயர், உண்ணும் மருந்துகள், எந்த அலைநீளம் வரை தடுப்புத் தேவை என்பவற்றை ஒரு தாளில் எழுதித் தருகிறோம். ஃபிலிம் கடையில் காட்டுவதற்கு அது உதவும். அடுத்த முறை வரும்போது உங்கள் மாத்திரை அட்டைகள் அனைத்தையும், வேறு மருத்துவர் எழுதிக் கொடுத்தவை உட்பட, ஒரு பையில் எடுத்து வாருங்கள்; அவற்றைப் பார்த்த பின்னரே அத்தாளை நாங்கள் எழுத முடியும்.