கடிகாரம் ஏந்திய கை

சிவாஜிநகருக்கு அருகிலுள்ள கண்டீரவ மைதானத்தில் ஓடுவோரைக் காணும்போதெல்லாம், ஓரமாக நிற்கும் பயிற்சியாளரையே என் கண்கள் தேடும். ஓடுபவரை உலகம் அறியும். உருவாக்கியவரை யார் அறிவார்?

கேரளத்து ஓ. எம். நம்பியார் விமானப்படையில் பணியாற்றியவர்; பாட்டியாலாவில் பயிற்சிக்கலை கற்றவர். 1976இல் கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் சேர்ந்த சிறுமி பி. டி. உஷாவை ஓட்டத்தில் பழக்கினார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் முதன்முதலாக இடம்பெற்றது. அதில் வெண்கலம் கைநழுவியது நொடியில் நூறில் ஒரு பங்கால்! ஆசானும் மாணவியும் சோர்ந்துவிடவில்லை. மறு ஆண்டே ஜகார்த்தா ஆசியப் போட்டியில் உஷா ஐந்து தங்கம் வென்றார். நம்பியாருக்குத் துரோணாச்சாரியார் விருதும் 1985க்கே கிடைத்தது. பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதோ 2021இல். அவ்வாண்டே அவர் மறைந்தார்.

நண்பர்களே, நம் கல்லூரித் திடலில் கடிகாரத்தோடு நிற்பவருக்கு நன்றி கூற நாம் காலந்தாழ்த்தலாமா?