மீண்டும் தலைதூக்கும் சினைப்பைப் புற்றுநோய்: கூட்டு மருந்துச் சோதனைகள் சொல்வது என்ன?

திருவனந்தபுரம்: சினைப்பைப் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டறியப்படும் பெண்களில் பெரும்பாலானோருக்கு, அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முதலில் நல்ல பலன் அளித்தாலும், சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ நோய் திரும்பி வருகிறது. முதல் மருந்துக்குத் தப்பிய செல்களே அப்போது பெருகுகின்றன. எனவே, வெவ்வேறு வழியில் தாக்கும் மருந்துகளை இணைத்துத் தருவது குறித்து மருத்துவர்கள் தொடர்ந்து சோதித்து வருகின்றனர். கார்போபிளாட்டின் செல்லின் மரபணுப் பொருளைச் சிதைக்கிறது. பேக்லிடாக்சல் செல் பிரிவதைத் தடுக்கிறது. பெவாசிசுமாப் கட்டிக்குப் புதிய ரத்த நாளங்கள் உருவாவதைத் தடுக்கிறது.

எந்தக் கூட்டு யாருக்கு என்பதை முடிவு செய்வதில் கால இடைவெளி முக்கியமானது. பிளாட்டினம் வகை மருந்து முடிந்து 6 மாதங்களுக்குப் பிறகு நோய் திரும்பினால், அதே மருந்து மீண்டும் பலன் தர வாய்ப்புண்டு. 2003-இல் வெளியான ஐகான்-4 ஆய்வில் இத்தகைய 802 பேர் பங்கேற்றனர். பிளாட்டினத்துடன் பேக்லிடாக்சல் சேர்த்துப் பெற்றவர்களில் 57 சதவீதம் பேர் 2 ஆண்டுகள் கடந்தும் உயிருடன் இருந்தனர். வழக்கமான பிளாட்டினம் சிகிச்சை பெற்றவர்களில் இது 50 சதவீதம்.

ஆனால், எல்லாக் கூட்டு மருந்துகளும் ஆயுளை நீட்டிப்பதில்லை. 484 பேர் பங்கேற்ற ஓஷன்ஸ் ஆய்வில், கார்போபிளாட்டின், ஜெம்சிடபைன் ஆகியவற்றுடன் பெவாசிசுமாப் சேர்த்தபோது நோய் வளராதிருந்த காலம் 8.4 மாதங்களிலிருந்து 12.4 மாதங்களாக உயர்ந்தது. மொத்த ஆயுளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உயர் ரத்த அழுத்தம், அரிதாகக் குடலில் துளை விழுதல் போன்ற பக்கவிளைவுகளையும் இந்த மருந்து ஏற்படுத்தலாம். 'வெற்றி' என்று வரும் செய்திகளில், நீண்டது நோய் அடங்கியிருந்த காலமா, ஆயுளா என்பதை முதலில் பார்க்க வேண்டியது அதனால்தான்.

6 மாதங்களுக்குள் நோய் திரும்புவோரின் நிலை கடினமானது. இவர்களுக்கான ரொசெல்லா ஆய்வின் முடிவுகள் 2025-இல் வெளியாயின. 381 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், நேப்-பேக்லிடாக்சலுடன் ரெலகோரிலண்ட் மாத்திரை பெற்றவர்களின் சராசரி (இடைநிலை) ஆயுள் ஏறத்தாழ 16 மாதங்கள். மாத்திரை பெறாதவர்களுக்கு 11.5 மாதங்கள். உடலின் கார்டிசால் ஹார்மோன் புற்றுச் செல்களை மருந்திலிருந்து காப்பதை இந்த மாத்திரை தடுக்கிறது.

திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையமும் இதே திசையில் ஓர் அடி வைத்துள்ளது. மஞ்சளில் உள்ள குர்குமின், பேக்லிடாக்சலின் செல்லழிக்கும் திறனைக் கூட்டுவதாக அதன் ஆய்வாளர்கள் 2005-இல் தெரிவித்தனர். எனினும், அது கருப்பைவாய்ப் புற்றுச் செல்களை வைத்து ஆய்வுக்கூடத்தில் கண்டது. சினைப்பைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தது அன்று. சிகிச்சையின்போது குர்குமின் மாத்திரைகளைத் தாமாக உட்கொள்வது கல்லீரலில் மருந்து சிதையும் வேகத்தை மாற்றக்கூடும் என்பதால், அதுபற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம்.